ஒரு நூல் இடைவெளி

பட்டறையில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு ஆள் உண்டு. லேத்துக்கு யார், மில்லிங்குக்கு யார், டிரில்லிங்குக்கு யார் என்று கேட்காமலே தெரியும். காலையில் வந்ததும் அவர் தன் மெஷினைத் துடைப்பார், எண்ணெய் விடுவார், வேறு யாராவது கை வைத்தால் முறைப்பார். மூலையில் உட்கார்ந்திருக்கும் பெஞ்ச் கிரைண்டருக்கு மட்டும் அப்படி யாரும் கிடையாது. டூல் பிடிக்க லேத்காரர் வருவார். பிட் மழுங்கினால் டிரில்லிங்காரர் வருவார். அறுத்த கம்பியில் பிசிறு எடுக்க ஹெல்ப்பர் பையன் வருவான். பக்கத்துப் பட்டறைக்காரர்கூட ஒரு உளியைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஏனுங்க, ஒரு நிமிஷம்" என்று தீட்டிவிட்டுப் போவார். எல்லோரும் பயன்படுத்துகிற மெஷின், யாரும் பார்த்துக்கொள்ளாத மெஷின்.

கோயம்புத்தூரில் கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ என்று சின்னப் பட்டறைகளிலேயே புழங்கி வருகிறவன் நான். கிரைண்டரால் வரும் ஆபத்தில் பெரும்பகுதி, அதற்கென்று ஒரு ஆள் இல்லாததால் வருகிறது என்பது என் உறுதியான எண்ணம். "அரை நிமிஷ வேலைதானுங்கண்ணா" என்பதுதான் அந்த மூலையில் அதிகம் கேட்கிற வாக்கியம். அரை நிமிஷ வேலைக்காக யாரும் கண்ணாடியைத் தேட மாட்டார்கள். அரை நிமிஷ வேலைக்காக யாரும் ஸ்பேனரை எடுத்து, டூலைத் தாங்கும் ரெஸ்ட்டை நகர்த்த மாட்டார்கள்.

அந்த அரை நிமிஷத்தில் நம் முகத்துக்கு எதிரே சுற்றுவது என்னவென்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 200 மி.மீ. கல், அதாவது எட்டு இன்ச். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் கிரைண்டர் மோட்டார் நிமிஷத்துக்குச் சுமார் 2,850 சுற்று ஓடும். கல்லின் சுற்றளவு ஏறக்குறைய 63 செ.மீ. பெருக்கிப் பாருங்கள். கல்லின் விளிம்பு விநாடிக்குக் கிட்டத்தட்ட 30 மீட்டர் போகிறது. மணிக்கு 107 கிலோமீட்டர். அவிநாசி ரோட்டில் அந்த வேகத்தில் ஒரு வண்டி போனால் ஒதுங்கி நிற்போம். கிரைண்டரில் அந்த வேகத்துக்கு நேர் எதிரே, மூக்கு ஒட்டும் தூரத்தில் குனிந்து நிற்கிறோம்.

அந்தக் கல் இரும்பும் அல்ல. நுணுக்கமான கூர்த் துகள்களைக் களிமண் வகைப் பொருளோடு கலந்து சூளையில் சுட்டு இறுக்கியது. அழுத்தினால் தாங்கும். இழுத்தால், வளைத்தால், பக்கவாட்டில் தட்டினால் தாங்காது. முழு வேகத்தில் சுற்றும்போது தன் சொந்த எடையே அதை வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் இருந்தால், அந்த இழுவை அதைத் தேடிப் பிடித்துவிடும்.

இப்போது ரெஸ்ட்டுக்கு வருகிறேன். இந்தப் பதிவையே அதற்காகத்தான் எழுதுகிறேன்.

கல்லுக்கு முன்னால் நாம் டூலை வைக்கிற அந்தச் சின்னத் தட்டுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி அதிகபட்சம் 3 மி.மீ. பட்டறைக் கணக்கில் ஒரு நூல். மேலே, கவரின் வாய்ப்பகுதியில் பொறியைத் தடுக்கிற ஒரு தகடு இருக்கும். அதற்கும் கல்லுக்கும் நடுவே இரண்டு நூல், 6 மி.மீ. அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதிகளிலும் இதே கால் இன்ச்சும் அரைக்கால் இன்ச்சும்தான்.

இதன் காரணம் தெரிந்தால் யாரும் ரெஸ்ட்டை அலட்சியமாக விட மாட்டார்கள். நமக்கு எதிரே கல் மேலிருந்து கீழே சுற்றுகிறது. கல்லில் வைத்த எதையும் அது கீழ்நோக்கி இழுக்கிறது. ரெஸ்ட் கல்லை ஒட்டி இருந்தால் இழுத்தாலும் போக வழியில்லை. கல் தேயத் தேய, அதன் முகத்தைச் சீவி டிரஸ் பண்ணப் பண்ண, அதன் விட்டம் குறைகிறது. ரெஸ்ட் வைத்த இடத்திலேயே நிற்கிறது. ஒரு நூல் இரண்டு நூலாகிறது, இரண்டு நூல் அரை இன்ச்சாகிறது. யாரும் எதுவும் செய்யவில்லை, ஆனால் பொறி தயாராகிவிட்டது. அப்புறம் ஒரு நாள் சின்னப் பின்னையோ மெல்லிய தகட்டையோ பிடிக்கும்போது, அது அந்தச் சந்துக்குள் ஆப்பு மாதிரி இறங்கும். பொருளோடு விரலும் போகும். விரல் போகவில்லையென்றால் கல் உடையும். சில சமயம் இரண்டும் நடக்கும். மோட்டார் நிற்க அவகாசமே இருக்காது.

அதனால் நான் எந்தப் பட்டறைக்குப் போனாலும் முதலில் பார்ப்பது கிரைண்டரின் ரெஸ்ட்டைத்தான். அந்த இடைவெளியைப் பார்த்தாலே அங்கே வேலை எப்படி நடக்கிறது என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். எங்களிடம் 3 மி.மீ. பட்டை ஒன்று, 6 மி.மீ. பட்டை ஒன்று, இரண்டையும் ஒரு கம்பியில் கோத்து கிரைண்டர் பெஞ்சிலேயே தொங்கவிட்டிருக்கிறோம். ஸ்க்ராப்பில் கிடந்த துண்டுகள்தான். கல் நின்றிருக்கும்போது சின்னப் பட்டையை ரெஸ்ட்டுக்கும் கல்லுக்கும் நடுவே விட்டுப் பார்க்க வேண்டும். லூசாக ஆடினால் நகர்த்தும் நேரம் வந்துவிட்டது. ஸ்கேல் தேட வேண்டாம், கண்மதிப்பும் வேண்டாம். நகர்த்துவது மட்டும் கல் முழுசாக நின்ற பிறகுதான். ஓடும்போதே நட்டை லூஸ் பண்ணி ரெஸ்ட்டைத் தட்டித் தள்ளுகிற வழக்கம் சில கைதேர்ந்த ஆட்களிடமே இருக்கிறது. கைதேர்ந்தவர்கள் செய்வதால்தான் சின்னப் பையன்களும் அதைத் தொழில் என்று நினைத்துக் கற்றுக்கொள்கிறார்கள்.

கவரைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவதும் அப்படித்தான். பெரிய பொருளைப் பிடிக்க இடம் போதவில்லை என்று ஒரு நாள் கழற்றியிருப்பார்கள். அது பெஞ்சுக்கு அடியிலேயே தங்கிவிடும். பழைய பம்ப் மோட்டாரின் ஷாஃப்டில் ஒரு கல்லை மாட்டி, கவரும் இல்லாமல் ரெஸ்ட்டும் இல்லாமல் ஓட்டுகிற இடங்களும் இருக்கின்றன. கல் உடைந்தால் துண்டுகளைப் பிடித்து நிறுத்த அந்தக் கவர் ஒன்றுதான் இருக்கிறது. கல்லின் சுற்றில் கால்வாசிக்கு மேல் வெளியே தெரியக்கூடாது. கவருக்குள் போகாத பொருள் பெஞ்ச் கிரைண்டருக்கான பொருள் அல்ல. அதற்குக் கை கிரைண்டரோ அரமோ இருக்கிறது.

கல் மாற்றுவது தனிக் கலை. புதுக் கல்லை வாங்கியதும் மாட்டிவிடக்கூடாது. கடையிலிருந்து ஸ்கூட்டரில் வரும் வழியில்கூட விரிசல் விட்டிருக்கலாம். சந்தையில் மண்பானை வாங்கும்போது அம்மாக்கள் விரலால் தட்டிக் காது கொடுப்பார்களே, அதே சோதனைதான். கல்லை நடுத்துளையில் விரல் விட்டுத் தொங்கவிட்டு, ஸ்குரூ டிரைவரின் மரப்பிடியால், விளிம்பிலிருந்து ஒன்றிரண்டு இன்ச் உள்ளே லேசாகத் தட்ட வேண்டும். உச்சிக்கு நேராக வேண்டாம், இரண்டு பக்கமும் சாய்வாகத் தள்ளித் தட்டுங்கள். கல்லைத் திருப்பி மறுபடியும் தட்டுங்கள். நல்ல கல் கணீரென்று ஒலிக்கும். விரிசல் கல் சொத்தென்று ஒரு செத்த சத்தம் கொடுக்கும். கல் ஈரமாக இருந்தாலும் சத்தம் மங்கும் என்பதால் காய்ந்த கல்லில்தான் இதைச் செய்ய வேண்டும்.

அடுத்தது கல்லின் மேல் எழுதியிருக்கும் அதிகபட்ச வேகம். அது உங்கள் மோட்டாரின் வேகத்தைவிட அதிகமாக இருந்தே ஆக வேண்டும். லேபிள் இல்லாத கல்லை என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 30-ஆம் பிரிவு இதைப் பற்றியும் பேசியது. சாணைக் கல் ஓடும் ஒவ்வொரு மெஷினுக்குப் பக்கத்திலும் அந்தக் கல்லின் பாதுகாப்பான அதிகபட்ச விளிம்பு வேகத்தையும் ஸ்பிண்டிலின் வேகத்தையும் எழுதி நிரந்தரமாக வைக்கச் சொன்னது. அந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வராத நாலு பேர் பட்டறையிலும் ஒரு அட்டையில் எழுதி ஒட்ட எவ்வளவு நேரமாகும்?

ஸ்பிண்டிலில் கல் தானாக, இறுக்கமில்லாமல் நுழைய வேண்டும். சுத்தியலால் தட்டி ஏற்றுகிற கல் அப்போதே பாதி உடைந்த கல். கல்லின் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கிற வட்டக் காகிதத்தை வெறும் லேபிள் என்று நினைத்துச் சிலர் கிழித்துவிடுகிறார்கள். கல்லை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் பிளேஞ்சின் இரும்பும் கல்லின் சொரசொரப்பும் நேராக முட்டாமல், அழுத்தம் சமமாகப் பரவுவதற்குத்தான் அது இருக்கிறது. இரண்டு பிளேஞ்சும் ஒரே அளவு, கல்லின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். பிளேஞ்சு தொலைந்துவிட்டதென்று வெறும் வாஷரைப் போட்டு நட்டை முறுக்குவது மிகவும் தப்பு. இடது பக்க ஸ்பிண்டிலில் இடது மரை இருக்கும். புதிதாக வருகிறவர்கள் கழற்றுவதாக நினைத்து இன்னும் இறுக்கிவிடுவார்கள். எளிதாக நினைவு வைக்க ஒரு வழி: கல்லின் மேல்பக்கம் நம்மை நோக்கிச் சுற்றுகிற சாதாரண கிரைண்டரில், எந்தப் பக்கத்து நட்டாக இருந்தாலும் அதன் மேல்பக்கம் நம்மை நோக்கி வரும்படி திருப்பினால் கழலும். மாட்டும்போது கல் நழுவாத அளவுக்கு இறுக்கினால் போதும். ஸ்பேனரில் குழாய் போட்டு முறுக்கினால் பிளேஞ்சு வளைந்து கல்லில் விரிசல் விழும்.

மாட்டியாயிற்று. கவர், ரெஸ்ட், மேல் தகடு எல்லாம் அதனதன் இடத்தில். கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாயிற்று. இப்போது பக்கவாட்டில் ஒதுங்கி நின்று சுவிட்சைப் போட்டு, முழு வேகத்தில் ஒரு நிமிஷம் சும்மா ஓட விட வேண்டும். உடைகிற கல் பெரும்பாலும் இந்த நேரத்தில் உடைந்துவிடும். தினமும் காலையில் முதன்முதலாக ஓட்டும்போதும் இதே பக்கவாட்டு நிற்றல்தான். எங்கள் பையன்களுக்கு நான் முதலில் பழக்குவது, சுவிட்சைப் போட்ட கையோடு ஒரு அடி நகர்வதைத்தான்.

எந்தக் கல் எதற்கு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாம்பல் நிறக் கல் சாதாரண இரும்புக்கு. வெள்ளைக் கல் ஹெச்.எஸ்.எஸ். என்கிற ஹை ஸ்பீடு ஸ்டீல் டூலுக்கு. பச்சைக் கல் கார்பைடு டிப்புக்கு. பச்சைக் கல்லில் இருப்பது சிலிக்கன் கார்பைடு. 1891-ல் அமெரிக்காவில் எட்வர்டு அச்சிசன் மின்உலையில் உண்டாக்கி, கார்போரண்டம் என்று பெயர் வைத்த பொருள். அந்தப் பெயர் நமக்கு அந்நியமில்லை. 1954-ல் முருகப்பா குழுமம் அமெரிக்க, இங்கிலாந்து நிறுவனங்களோடு சேர்ந்து சென்னையில் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சலின் கல் ஓடாத பட்டறை தமிழ்நாட்டில் குறைவு. லேபிளில் ஏ 60 கே 5 வி என்பது மாதிரி இருக்கும். முதல் எழுத்து துகளின் வகை. முதல் எண் துகளின் அளவு, அந்த எண் கூடக்கூட நைசு. அடுத்த எழுத்து கல் எவ்வளவு இறுக்கம் என்று சொல்லும். கடைசி எழுத்து, துகளைப் பிடித்து வைத்திருக்கும் பொருள். இது தெரிந்தால் கடைக்காரர் கொடுத்ததை வாங்காமல், வேண்டியதைக் கேட்டு வாங்கலாம்.

அலுமினியம், பித்தளை, செம்பு இவற்றை இந்தக் கற்களில் பிடிக்கக் கூடாது. மென்மையான உலோகம் கல்லின் நுண்துளைகளில் அப்பிக்கொள்ளும். அப்புறம் கல் வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு, சூட்டில் கல் ஒரு பக்கம் விரிந்து வெடிக்க வாய்ப்பு. அலுமினியத் தூள் மேல் இரும்புப் பொறி விழுந்தால் தீயும் பிடிக்கும். அதே மாதிரி கல்லின் பக்கவாட்டு முகத்திலும் பிடிக்கக் கூடாது. முன்முகம்தான் வேலை செய்யும் முகம். பக்கத்தில் அழுத்தினால் கல் மெலிந்துகொண்டே போகும், வெளியே தெரியாது.

கல் பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆனாலோ, நடுவில் பள்ளம் விழுந்தாலோ டிரஸ் பண்ண வேண்டும். நட்சத்திரச் சக்கரம் வைத்த டிரஸ்ஸர், கல் குச்சி, வைர முனை, எது வேண்டுமானாலும் இருக்கட்டும். ரெஸ்ட்டில் ஊன்றி, லேசாக, விளிம்பிலிருந்து விளிம்புக்கு ஓட்டுங்கள். பள்ளம் விழுந்த கல்லில் யாரும் நேராக டூல் பிடிக்க முடியாது. அதற்காகக் கூடுதலாக அழுத்துவார்கள், கை நழுவுவது அப்போதுதான். டிரஸ் பண்ணும்போது பறக்கிற தூசிக்கு மாஸ்க் கட்டாயம். இயற்கை மணற்கல்லில் கத்தி தீட்டிய ஷெஃபீல்டு தொழிலாளர்கள் அந்தத் தூசியால் நுரையீரல் கெட்டு இளவயதிலேயே செத்தார்கள். இன்றைய செயற்கைக் கற்களில் அந்த மணல் இல்லை. ஆனாலும் நுரையீரலுக்கு எந்தத் தூசியும் வேண்டாத விருந்தாளிதான்.

டிரஸ் பண்ணி முடித்ததும் ரெஸ்ட்டை மறுபடி அளந்து நகர்த்துங்கள். பெரும்பாலோர் மறப்பது இந்த இடத்தில்தான்.

கிரைண்டருக்கு முன்னால் ஒரு டப்பாவில் தண்ணீர் இருக்கும். எதை முக்கலாம், எதை முக்கக் கூடாது என்பதில் குழப்பம் அதிகம். உளி, சென்டர் பஞ்ச் மாதிரி கார்பன் ஸ்டீலை அடிக்கடி முக்க வேண்டும். முனை நீலமாகிவிட்டால் பதம் போய்விட்டது, அந்த நீலம் 300 டிகிரி பக்கத்தில் வருவது. ஹெச்.எஸ்.எஸ். அந்தச் சூட்டுக்கு அசையாது. ஆனால் சிவக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மயிரிழை விரிசல்கள் விழும். கார்பைடைச் சூட்டோடு முக்கவே கூடாது, டிப் பிளந்துவிடும். அவசரமில்லாமல் பிடித்தால் இந்தப் பிரச்சினையே பாதி குறையும். தண்ணீர் டப்பா ஒழுகிக் கல்லை நனைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். நின்றிருக்கும் கல்லின் அடிப்பக்கம் மட்டும் தண்ணீர் குடித்தால், மறுநாள் காலையில் எடை ஒரு பக்கமாகி மெஷின் குதிக்கும்.

இனி கண். கைக்கு நேர்வது ஊருக்கே தெரியும். கண்ணுக்கு நேர்வதை யாரும் விபத்து என்றே கணக்கில் வைப்பதில்லை. "கண்ணுல தூசி விழுந்துடுச்சு" என்பதோடு முடிந்துவிடும். அது தூசி இல்லை. பழுக்கக் காய்ந்த இரும்புத் துணுக்கு. கருவிழியில் பட்டதும் சூட்டோடு பதிந்துகொள்ளும். பட்டறையில் இதற்கென்றே ஒரு அண்ணன் இருப்பார். தீக்குச்சி முனையோ துணியின் நுனியோ வைத்து எடுத்துவிடுவார். எடுத்தது போலத்தான் இருக்கும். ஆனால் இரும்பு கருவிழியில் தங்கினால் ஒரு நாளுக்குள்ளேயே சுற்றிலும் துரு வளையம் படியும். குச்சியில் வந்த அழுக்கு அங்கே புண்ணாகும். கருவிழியின் நடுவே தழும்பு விழுந்தால் பார்வை பழையபடி திரும்பாது. கசக்காமல், நோண்டாமல், நேராகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போவது ஒன்றே வழி. உறுத்தல் இல்லையென்றாலும் பார்வை மங்கினால் இன்னும் அவசரம். வேகமாக வந்த துணுக்கு கண்ணுக்குள்ளேயே போயிருக்கலாம். இன்னொன்று, பல வருஷம் கிரைண்டிங் வேலை பார்த்தவர்கள் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் போகும்போது அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கண்ணில் தங்கிய இரும்பைக் காந்தம் அசைத்துவிடும்.

பவர் கண்ணாடி போட்டிருக்கிறேன் என்பது பதில் இல்லை. பொறி பக்கவாட்டில் வரும், கன்னத்தில் பட்டு மேலே தெறிக்கும். மெஷினில் பொருத்தியிருக்கிற பிளாஸ்டிக் தட்டும் தனியாகப் போதாது. பக்கம் மூடிய கண்ணாடி, அதன் மேல் முகக் கவசம். கண்ணாடியை ஆபீஸ் டிராயரில் வைத்தால் யாரும் எடுக்க மாட்டார்கள். சுவிட்சுக்கு மேலேயே ஒரு ஆணியில் மாட்டினால், சுவிட்சைப் போடும் கை அதைத் தொட்டே ஆக வேண்டும். வேலை முடிந்து கண்ணாடியைக் கழற்றும் முன் தலையையும் புருவத்தையும் உதறிவிடுங்கள். ராத்திரி தலையணையில் படுக்கும்போது முடியிலிருந்து கண்ணில் விழுகிற தூளும் அதே இரும்புதான்.

உடை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லுங்கி, கழுத்தில் துண்டு, தொங்குகிற சட்டைக் கை, கையில் பிடித்த பனியன் வேஸ்ட், எதுவும் அந்த மூலைக்கு வரக் கூடாது. கையுறையும் அப்படியே. சூடு படாமல் இருக்கத்தான் போடுகிறார்கள், ஆனால் கல் நூலைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். சின்னப் பொருளென்றால் கிரிப் பிளையரில் பிடியுங்கள்.

கரண்ட் விஷயத்தில் நம் ஊருக்கென்றே ஒரு ஆபத்து இருக்கிறது. வேலை நடுவில் கரண்ட் போகும். சுவிட்சை அணைக்காமல் டீக்கடைக்குப் போய்விடுவோம். அந்த நேரத்தில் யாரோ ரெஸ்ட்டை நகர்த்த ஸ்பேனரோடு உட்காருவார், கரண்ட் வரும். சாதாரண சுவிட்சுக்குப் பதிலாக, கரண்ட் போனதும் தானாக விழுந்து, பச்சைப் பட்டனை மறுபடி அழுத்தினால்தான் ஓடுகிற ஸ்டார்ட்டர் போட்டுவிட்டால் இது தீர்ந்தது. ரெஸ்ட்டையோ கல்லையோ தொடுவதாக இருந்தால் பிளக்கையே பிடுங்கிவிடுவது நல்லது. சிங்கிள் பேஸ் மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் பெரும்பாலும் கெபாசிட்டர் போயிருக்கும். கல்லைக் கையால் சுற்றி ஓட வைக்கிற வித்தை வேண்டாம்.

எங்கள் பட்டறையில் இப்போது கிரைண்டருக்கும் ஒரு ஆள் உண்டு. லேத்தில் நன்றாகக் கை படிந்த, நிதானமான ஒருவர். வாரத்தில் ஒரு நாள் பட்டைகளை விட்டுப் பார்ப்பது, பெஞ்சின் போல்ட்டுகளை இறுக்குவது, கல்லைக் கையால் சுற்றி பேரிங் சத்தம் கேட்பது, தூளைக் கூட்டுவது, பக்கத்தில் தின்னர் டப்பா, மண்ணெண்ணெய், வேஸ்ட் துணி இருந்தால் அப்புறப்படுத்துவது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் சரியில்லை என்று சொன்னால் அன்று யாருக்கும் கிரைண்டர் கிடையாது, முதலாளிக்கும் கிடையாது. பக்கத்துப் பட்டறைக்காரர் உளியோடு வந்தாலும், "கண்ணாடி போட்டுக்கோங்ணா" என்று அவர்தான் எடுத்துக் கொடுக்கிறார்.

விரிசல் கண்ட கல்லை அவர் குப்பையில் முழுசாகப் போடுவதில்லை. பிளேஞ்சு அளவுக்குத் தேய்ந்துபோன கல்லையும் அப்படித்தான். கண்ணாடி போட்டுக்கொண்டு, சாக்கில் சுற்றி, சம்மட்டியால் நாலு துண்டாக உடைத்த பிறகே வெளியே போகும். முழுசாகப் போட்டால் யாராவது எடுத்துக் கழுவி, வேறொரு மோட்டாரில் மாட்டிவிடுவார்கள்.